கரண்டு வைத்து மிதித்த சைக்கிள்

முட்டியில் ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன் முடிந்து பதினோராவது நாள். பிசியோதெரபி அறையில் மல்லாந்து படுத்தபடி என் வலது தொடையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"முட்டியைக் கீழ அழுத்துங்ணா. தொடை இறுகணும்."

அழுத்தினேன். அழுத்துவதாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. இடது தொடை சொன்ன சொல்லுக்கு டக்கென்று இறுகுகிறது. வலது தொடை யாருக்கோ சொன்ன மாதிரி கிடக்கிறது. வலி கூடப் பெரிதாக இல்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், மணி அடித்தால் எழுந்துவர மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

மூட்டு வீங்கியிருந்தால் அங்கிருந்து போகும் சேதியே தண்டுவடத்தில் தொடைக்கான கட்டளையை அடக்கி வைத்துவிடுமாம். மனஉறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெரபிஸ்ட் அதிகம் விளக்காமல் இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகளில் ஜெல் தடவி, தொடையின் மேலே ஒன்று, முட்டிக்குச் சற்று மேலே உட்பக்கமாக ஒன்று வைத்துப் பட்டி கட்டினார். நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: கரண்டு வைக்கிறது. குமிழைத் திருகத் திருக, முதலில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் குண்டூசி. அப்புறம் திடீரென்று தொடை தானாகச் சுருண்டு, முட்டிச்சில்லை மேலே இழுத்தது. பத்து விநாடி கல்லாக நின்று, தளர்ந்தது.

"ரஷ்யன்ல வெச்சிருக்கேங்ணா. பத்து செகண்ட் புடிக்கும், அம்பது செகண்ட் ரெஸ்ட். பத்து தடவை."

இந்தப் பத்து-ஐம்பது-பத்து கணக்குக்குச் சொந்தக்காரர் யாகோவ் கோட்ஸ் என்ற சோவியத் ஆராய்ச்சியாளர். 1977-ல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஒரு கருத்தரங்கில் தன் முறையைப் பற்றிப் பேசினார். விளையாட்டு வீரர்களுக்கு இவ்வளவு பலம் கூடியது, அவ்வளவு பலம் கூடியது என்று அவர் சொன்ன பெரிய எண்களைப் பிறகு மற்றவர்களால் அப்படியே எட்ட முடியவில்லை. ஆனால் அவருடைய கரண்டு அலையும் அவருடைய பத்து விநாடியும் உலகம் பூராவும் பரவி, கோயம்புத்தூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை வரை வந்துவிட்டன.

பலம் என் கவலை இல்லை. எனக்குப் போனது தம். ரேஸ்கோர்ஸை மூன்று சுற்று ஓடிவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தவன், இப்போது மாடி ஏறினாலே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறேன். டாக்டர் ஓடக் கூடாது என்றுவிட்டார். லேசாக சைக்கிள் மிதிக்கலாம், அதுவும் வீட்டுக்குள் இருக்கிற நிற்கும் சைக்கிள். லேசாக மிதித்தால் நெஞ்சு வேலை செய்யாது, வேகமாக மிதித்தால் முட்டி வீங்கும். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் சும்மா கிடக்கும்போதே இந்தப் பெட்டி என் தொடையை இப்படி வேலை வாங்குகிறதே, நான் மிதிக்கும்போதே வைத்தால்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை என்பது தேடிய முதல் நாளே தெரிந்துவிட்டது.

அதற்கு முன் சதை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு மில்லை வைத்துச் சொன்னால்தான் புரியும். ஒரு தொடைச்சதைக்குள் லட்சக்கணக்கான நார்கள். சில மந்தநார்கள்: மெல்லச் சுருங்கும், ஆக்சிஜனை எரித்து மணிக்கணக்கில் சலிக்காமல் உழைக்கும். சில வேகநார்கள்: வெடுக்கென்று இழுக்கும், சதை சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனை மளமளவென்று தீர்க்கும், சீக்கிரம் களைக்கும். லேசாக மிதிக்கும்போது மூளை சின்ன ஆட்களை, அதாவது மந்தநார்களை மட்டுமே அழைக்கிறது. பளு கூடக்கூடத்தான் பெரிய ஆட்கள். இந்த வரிசையை ஹார்வர்டில் இருந்த எல்வுட் ஹென்னிமன் விளக்கி வைத்திருக்கிறார். நீண்ட நேரம் உழைக்கும்போது நார்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் களைத்தால் வேறொரு கூட்டம் வந்து நிற்கும்.

வெளியிலிருந்து வரும் கரண்டுக்கு இந்த ரிஜிஸ்டர் எதுவும் தெரியாது. பட்டைக்குப் பக்கத்தில் யாருடைய நரம்பு இருக்கிறதோ அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளும். பெரியவரா சின்னவரா, இப்போதுதான் நைட் ஷிஃப்ட் முடித்தவரா என்று பார்க்காது. அடுத்த துடிப்புக்கும் அதே ஆட்கள். கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பாவத்துக்கு மூன்று ஷிஃப்டும் அவர்களே பார்க்க வேண்டும்.

இது குறைதான். கரண்டு வைத்த சதை சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான். ஆனால் என் நிலைமையில் இருப்பவனுக்கு இந்தக் குறையே ஒரு வசதி. லேசாக மிதிக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும் வேகநார்களையும் அது எழுப்பிவிடுகிறது. முட்டியில் பெரிய பளு இல்லை, ஆனாலும் சதைக்குள்ளே மேடு ஏறுகிற மாதிரி ஒரு வேலை நடக்கிறது. ஜப்பானில் கோஹெய் வதனாபேயும் மொரிடானியும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. சொந்தமாக மிதிக்கும் ஆட்களுக்குக் கரண்டும் சேர்த்து வைத்தபோது அவர்கள் இழுத்த ஆக்சிஜன் கூடியது, நாடித்துடிப்பு கூடியது, சதை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் கூடியது. லாக்டேட் ஏறுவது வேகநார்கள் விழித்துவிட்டன என்பதற்கு ஓர் அடையாளம்.

சரி, ஒரு நாள் நாடி ஏறுவது வேறு, ஆறு வாரம் கழித்து ஆளுக்குத் தம் கூடுவது வேறு. முதலாவது மட்டும் போதுமென்றால் பேய்ப்படம் பார்த்தே மாரத்தான் ஓடலாம்.

இரண்டாவதைப் பற்றி நான் படித்ததில் மனசுக்கு நெருக்கமானது 2005-ல் வந்த ஒரு வேலை. பானர்ஜி, கால்ஃபீல்ட், குரோ, கிளார்க் என்று நான்கு பேர். உடற்பயிற்சி என்ற பேச்சே இல்லாத 15 பேரை எடுத்துக்கொண்டார்கள். காலின் பெரிய சதைகளில் பட்டைகளைக் கட்டி, குளிரில் உடம்பு நடுங்குமே, அந்த மாதிரி விடாமல் படபடவென்று துடிக்கவைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், ஆறு வாரத்தில் சராசரியாக 29 தடவை. முடிவில் அவர்கள் உச்சமாக இழுக்கக்கூடிய ஆக்சிஜன் நிமிடத்துக்கு சராசரியாக 0.24 லிட்டர் கூடியிருந்தது. நடக்கும் தூரமும் தொடையின் பலமும் கூடக் கூடின. விஓ2 மேக்ஸ் என்று ஓட்டக்காரர்கள் சாமி மாதிரி கும்பிடும் எண், ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமல் ஏறியிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் துடிப்பின் வேகம். கோட்ஸ் முறை மாதிரி இறுக்கிப் பிடித்து வைக்கிற கரண்டு இல்லை இது. விநாடிக்கு நாலைந்து துடிப்பு. சதை சுருங்கும், விடும், சுருங்கும், விடும். விடுகிற ஒவ்வொரு தடவையும் ரத்தம் உள்ளே வருகிறது. இறுக்கிப் பிடித்தால் பலத்துக்குப் பயிற்சி, விட்டு விட்டுத் துடித்தால் தம்முக்குப் பயிற்சி. இந்த வித்தியாசத்துக்கு முயல்கள் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருக்கின்றன. 1969-ல் சால்மன்ஸ், விர்போவா இருவரும் முயலின் வேகமான கால்சதைக்கு மெதுவான தாளத்தில் வாரக்கணக்கில் விடாமல் கரண்டு கொடுத்தார்கள். அந்தச் சதை கொஞ்சம் கொஞ்சமாக மந்தச்சதையாகவே மாறிப்போனது. அதற்காக யாரும் நாள் பூராவும் பட்டையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம். முயலுக்கு ஆபீஸ் இல்லை.

இவ்வளவும் படித்த பிறகு என் தெரபிஸ்டிடம் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். "நெஞ்சுல பேஸ்மேக்கர், வலிப்பு, அது இதுன்னு ஒண்ணும் இல்லீல்லங்ணா?" இல்லை என்றேன். மூலையில் துணி காயப்போட்டிருந்த சைக்கிளைச் சுத்தம் பண்ணச் சொன்னார்.

முதல் நாளை மறக்க முடியாது. இரண்டு தொடையிலும் நான்கு பட்டை. ஒயர்கள் இடுப்பில் சொருகிய சின்னப் பெட்டிக்குப் போகின்றன. சும்மா மிதித்தேன், பத்து நிமிடம். கையில் கட்டிய வாட்ச் 104, 105 என்று காட்டியது. குமிழைத் திருகினார். தொடைகள் துடிக்க ஆரம்பித்தன. மிதிக்கிற தாளம் ஒன்று, துடிக்கிற தாளம் வேறொன்று. கால் கீழே போகும்போது தொடை ஒத்துழைக்கிறது, மேலே வரும்போது குறுக்கே நிற்கிறது. கரடுமுரடான ரோட்டில் யாரோ பின்சீட்டில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. மூன்றாவது நிமிடம் வியர்த்தது. வாட்ச் 118-ல் போய் நின்றது. முட்டியில் வலி இல்லை, ஆனால் ரத்னபுரி மேம்பாலம் ஏறின மாதிரி தொடைக்குள் எரிச்சல்.

அந்தத் தாளப் பிணக்கை ஒருத்தர் வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறார். ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் எலும்பியல் மருத்துவர் நவோதோ ஷிபா. முட்டியை நீட்டும்போது பின்தொடைக்கும், மடக்கும்போது முன்தொடைக்கும் கரண்டு கொடுக்கிறார். எதிர்ச்சதை இழுத்துப் பிடிக்க, அதை மீறி நீட்ட வேண்டும். இரும்பு எடையே இல்லாமல் நம் உடம்பே நமக்கு எடை. எடையே இல்லாத இடம் என்றால் விண்வெளிதானே. சர்வதேச விண்வெளி நிலையம் வரை இந்த முறை போய் வந்திருக்கிறது. அதே குழு இதைச் சைக்கிளிலும் வைத்துப் பார்த்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "ஏங் கண்ணு, மீட்டர் ஓடறது பத்தாதுன்னு ஒடம்புலயும் கரண்டு ஏத்திக்கறயா?" என்றாள்.

வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். தம் கூடியது. இதை நிரூபணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முட்டியும் அதே ஆறு வாரத்தில்தான் ஆறியது. கரண்டே வைக்காமல் மிதித்திருந்தாலும் கூடியிருக்கலாம். ஒரே உடம்பை இரண்டாக வெட்டிப் பாதிக்குக் கரண்டு, பாதிக்கு இல்லை என்று வைத்துப் பார்க்க முடியாது.

அப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என் வாயை அடைத்த ஆய்வு அதுதான். 2017-ல் வெளியானது. 21 ஆண்கள், எல்லாருமே நல்ல தம் உள்ளவர்கள். நான்கு வாரத்தில் 14 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேர மிதமான சைக்கிள். ஒரு குழு வெறுமனே மிதித்தது, இன்னொன்று கரண்டோடு மிதித்தது. இரண்டு குழுவுக்குமே திறன் கூடியது. கரண்டு வைத்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. சதைக்குள் நெருக்கடி அதிகம், பலன் அதே.

பானர்ஜி குழுவின் ஆட்களுக்கு ஏறியது, கொலோனில் கரண்டால் கூடுதலாக ஏறவில்லை. முதலில் குழம்பினேன், அப்புறம் இதில் முரண்பாடே இல்லை என்று தோன்றியது. பானர்ஜி குழுவின் ஆட்கள் நாற்காலியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் காலுக்கு எந்த வேலை கொடுத்தாலும் அது புது வேலை. கொலோன்காரர்கள் ஏற்கெனவே ஒரு மணி நேரம் மிதிக்கிறார்கள். அந்த மிதியே இதயத்துக்கும் சதைக்கும் போதுமான சேதியைச் சொல்லிவிட்டது. ஆக்சிஜன் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, சதை அந்த ரத்தத்திலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை உருவுகிறது. தொடையில் வைக்கும் கரண்டு இரண்டாவது பக்கத்தை நேராகத் தொடும். முதல் பக்கத்தை அசைக்க, இதயம் உரக்க அடிக்கும்படி பெரிய சதைகள் நெடுநேரம் உழைக்க வேண்டும். தம் உள்ளவருக்கு அதைச் செய்ய மேட்டுச்சாலை ஒன்று போதும், காசும் கிடையாது. முடிந்தவர்கள் போய் ஓடுங்கள். இதைச் சொன்னதற்காகக் கரண்டு சட்டை விற்பவர்கள் என்னைத் திட்டினாலும் சரி.

அந்தச் சட்டை விஷயத்தில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு நிலையத்தில் இலவச டிரையல் என்று கூப்பிட்டார்கள். ஈரமாக்கிய கறுப்புச் சட்டை, உடம்பு பூராவும் பட்டைகள், இருபது நிமிடம். "தாங்குவீங்களா சார்?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினார் பயிற்சியாளர். தாங்க மாட்டேன் என்று எந்த ஆம்பளை சொல்வான்? மறுநாள் பேன்ட் போட முடியவில்லை. அதற்கடுத்த நாள் மூத்திரம் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சதை நைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, கிட்னி தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். ஒரு நாள் பூராவும் சலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தேன்.

முழு உடம்புக்கும் முதல் நாளே அதிகமாக ஏற்றினால், மாரத்தான் ஓடியவர்களுக்கு ஏறுவதை விடவும் அதிகமாக சிகே எனும் சதை நொதி ரத்தத்தில் ஏறலாம் என்று ஜெர்மனியில் வொல்ஃப்காங் கெம்லர் குழு அளந்து சொல்லியிருக்கிறது. அதனால்தான் 2016-ல் அவர்கள் வகுத்த வழிகாட்டுதல் முதல் 8 முதல் 10 வாரத்துக்கு வாரம் ஒரு தடவைக்கு மேல் கூடாது என்கிறது. என்னைக் கூப்பிட்டவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. டிவியில் விற்ற வயிற்று பெல்ட் கதை தனி. படுத்துக்கொண்டே தொப்பை கரையும் என்று சொன்ன மூன்று பெல்ட்காரர்கள் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது. கரையாது. நகர்வோம்.

அப்படியானால் இந்தப் பெட்டி யாருக்கு? ஓட முடியாதவர்களுக்கு. இதயம் பலவீனமாகி நாலு எட்டு வைத்தாலே இரைக்கிறவர்களுக்கு வியன்னாவில் பத்து வாரம், தினமும் நான்கு மணி நேரம் தொடைக்குக் கரண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முடிவு, அவர்களுடைய ஆக்சிஜன் உச்சம் கூடியது என்றது. மருத்துவர் மேற்பார்வையில்தான், தானாகச் செய்துபார்க்கிற விஷயம் இல்லை. அப்புறம், இந்தக் கூட்டு வேலையின் உண்மையான வீடு எது என்று கேட்டால் நான் தண்டுவடம் அடிபட்டவர்களைத்தான் காட்டுவேன்.

அவர்களில் பலருக்குக் கை மட்டும்தான் சொன்னபடி கேட்கும். கைச்சதை சின்னது, அதை எவ்வளவு உழைக்கவைத்தாலும் இதயத்துக்குப் போதுமான வேலை இருக்காது. பெரிய சதையெல்லாம் காலில் சும்மா கிடக்கிறது, நரம்பு உயிரோடு இருந்தும். பாஸ்டனின் ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் ஆண்ட்ரூ டெய்லர் நடத்திய படகுப் பயிற்சி இதற்கு அழகான விடை. கையால் துடுப்பை இழுக்கிறார்கள், அதே நேரம் காலைக் கரண்டு நீட்டுகிறது. கையும் காலும் சேர்ந்தால்தான் நெஞ்சு நிஜமாக வேலை செய்கிறது. லேசாக மிதித்த எனக்குக் கரண்டு ஒரு கொசுறு. அவர்களுக்கு அது பாதி உடம்பு.

2016 அக்டோபரில் சூரிச் பக்கத்தில் சைபத்லான் என்று ஒரு போட்டி நடந்தது. அதில் ஒரு பந்தயம் கால் செயலிழந்தவர்களுக்கான சைக்கிள் பந்தயம். மோட்டார் கிடையாது, அவரவர் தொடைச்சதைதான் மிதிக்க வேண்டும், கரண்டு கட்டளை கொடுக்கும். ஜெயித்தது அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் அணி, ஓட்டியவர் பெயர் மார்க் முன் (Muhn). மற்ற பலர் தோலின் மேல் பட்டை ஒட்டியிருக்க, அவருக்கு மின்முனைகள் உடம்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன.

அந்த வீடியோவை நான் காட்டியது பக்கத்துப் படுக்கைப் பையனுக்கு. பொள்ளாச்சிப் பக்கம், தென்னை ஏறி விழுந்தவன், இருபத்து மூன்று வயது. நான் சைக்கிள் மிதிக்கும் அதே நேரத்தில் அவனுக்கும் தொடையில் கரண்டு வைப்பார்கள். முதல் தடவை அவன் கால் எகிறியபோது அவன் அம்மா "அசைஞ்சுருச்சு, அசைஞ்சுருச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவன் அழவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு தெரபிஸ்டிடம் கேட்டான். "அக்கா, இது நான் அசைச்சதா, கரண்டு அசைச்சதா?"

"கரண்டு அசைச்சது. ஆனா சதை உன்றது," என்றார் அவர்.

வீடியோ ஓடியது. மூன்று சக்கர வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து, நரைத்த தலையோடு ஒருத்தர் மிதித்துப் போகிறார். கால்கள் சுற்றுகின்றன, சுற்றுக்குச் சுற்று கூட்டம் கத்துகிறது. பையன் போனைக் கையில் வாங்கிப் பின்னால் தள்ளி இரண்டாவது தடவை பார்த்தான். ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன்.

"ஏண்ணா, அந்த வண்டிக்கு கியர் எத்தனைங்ணா?"